மாத்திரை பலிக்காத சோர்வு

தேக்காவில் நள்ளிரவில் பிராட்டா சாப்பிடாத பல்கலைக்கழக மாணவர் உண்டோ? நான் ஜோகூரில் தமிழ்ப்பள்ளியிலும் பின்னர் தேசியப் பள்ளியிலும் படித்தவரை வீட்டில் சோறும் இட்லியும்தான். சிங்கப்பூர் விடுதிக்கு வந்த பிறகே ரொட்டியும் பிராட்டாவும் அன்றாட உணவாயின. இரண்டாம் ஆண்டில் படியேறினாலே மூச்சு வாங்கியது. வயிறு உப்பியது, வாயில் அடிக்கடி புண். இரத்தசோகை என்றார்கள். "கீரை சாப்பிடும்மா" என்றார் அம்மா. ஓராண்டு இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் பயனில்லை. இறுதியில்தான் தெரிந்தது, எனக்குச் சீலியாக் நோய் என்று.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. இந்நோய் உள்ளவர் அதை உண்டால், அவரது நோயெதிர்ப்பு ஆற்றல் அவரது சிறுகுடலையே தாக்குகிறது. சத்துகளை உறிஞ்சும் நுண்ணிய குடல்முடிகள் தேய்ந்துபோகின்றன. இரும்புச்சத்து பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் உறிஞ்சப்படுகிறது. அதிகம் பாதிக்கப்படுவதும் அப்பகுதியே. மாத்திரை ஏன் பலிக்கவில்லை என்பது இப்போது புரிகிறதா?

அறிகுறிகள் இவை: நீடித்த வயிற்றுப்போக்கு, உப்புசம், காரணமின்றி எடை குறைதல், ஓயாத சோர்வு, வாய்ப்புண், முழங்கை முழங்கால்களில் அரிக்கும் கொப்புளங்கள், குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு. சிலருக்கு வயிற்றுத் தொல்லையே இராது. இரத்தசோகை மட்டும் தோன்றும். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தோரும் பரிசோதிப்பது நல்லது.

நம்மவர்க்கும் வருமா? 2016இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில், இந்நோயைக் காட்டும் எதிர்ப்பொருள்கள் வடக்கே 1.23 விழுக்காட்டினரிடமும் தெற்கே 0.10 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. நோய்க்கு இடந்தரும் மரபணுக்களோ இரு பகுதிகளிலும் ஏறக்குறைய சம அளவில் இருந்தன. பெரிதும் வேறுபட்டது உண்ணும் கோதுமையின் அளவு. சோற்றிலிருந்து ரொட்டிக்கு மாறும் நம் தலைமுறை இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. ஐயம் வந்தவுடன் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால், இரத்தப் பரிசோதனையிலும் குடல் திசுப் பரிசோதனையிலும் நோய் தென்படாமல் போகலாம்.

வாழ்நாள் முழுதும் குளூட்டனைத் தவிர்ப்பதே இதற்குச் சிகிச்சை. இட்லியும் சோறும் கைகொடுக்கின்றன. ஆனால் கடையில் விற்கும் பெருங்காயத்தூள் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கிறது. சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு. கோயிலில் தரும் ரவா கேசரியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தோழியிடம் கொடுத்துவிடுகிறேன். அம்மா இப்போது பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்த பிறகே பெருங்காயம் வாங்குகிறார்.

நோயை மட்டுமன்று, அதன் காரணத்தையும் ஆராயச் சொன்னவர் வள்ளுவர். உங்கள் தோழி எந்நேரமும் "களைப்பாக இருக்கிறது" என்றால், சோம்பேறி என்று கேலி செய்யாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.