சொல்லாத பயணம்

மூன்று மாதக் கர்ப்பிணியான மனைவியை, வார விடுமுறையில் சொல்லாமற் கொள்ளாமல் நுவரெலியாவுக்கு அழைத்துச் சென்று மகிழ்விக்க எண்ணினார் நம் நண்பரொருவர். யாழ்ப்பாணத்திலிருந்து பகல் முழுதும் காரிலிருந்து, மலைவளைவுகளிலே வாந்தியெடுத்து அவ்வம்மையார் பட்ட பாட்டை என்னென்போம்! கிளினிக் அட்டையோ வீட்டு அலுமாரியில்.

கர்ப்பிணிகள் நெடுநேரம் அசையாதிருப்பின் காலில் இரத்தம் உறையக்கூடும். இரண்டு மணிக்கொருமுறை இறங்கி நடத்தல் வேண்டும். ஆசனப்பட்டி வயிற்றின் மீதன்று, அதன் கீழே இடுப்போடு படியவேண்டும். குமட்டல் தணியும் நான்கு முதல் ஆறு வரையான மாதங்களே பயணத்துக்கு உகந்தவை என்பர் மருத்துவர்.

ஐந்தாம் மாதம், மருத்துவரைக் கேட்டபின், நண்பர் காரைநகர் கசூரினாக் கடற்கரையைத் தேர்ந்தார். பொன்னாலைத் தாம்போதியைக் கடந்தாற் போதும். இம்முறை இடத்தை முன்னரே சொல்லிவிட்டார். ஒன்றை மட்டும் மறைத்தார். சவுக்கு நிழலிலே, சோற்றுப் பொதியுடன் மனைவியின் தாயார் காத்திருந்தார்.