முதலில் மலையின் தேதி, பிறகு கடற்கரை

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பசிபிக் கடலோரமாகவே வடக்கே ஓட்டிப்போய், ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களின் மலைப் பூங்காக்களைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்ற ஆசை கலிஃபோர்னியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் உண்டு. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கும் கோடையில் அந்த ஆசை இன்னும் வலுக்கிறது. ஆனால் வரைபடத்தை விரித்ததும் பெரும்பாலோர் கடற்கரையிலிருந்துதான் திட்டம் போடத் தொடங்குகிறார்கள். முதல் இரவு எந்த ஊரில், எந்தக் கலங்கரை விளக்கத்தில் இறங்குவது, மதியச் சாப்பாடு எங்கே என்று எழுதிக்கொண்டே போய் மலைக்கு வந்து சேரும்போது, அங்கே சாலையே திறந்திருக்காது. கடற்கரை பன்னிரண்டு மாதமும் நமக்காகக் காத்திருக்கும். மலை அப்படியல்ல. அதனால் முதலில் மலைக்கு நாள் குறியுங்கள். மீதியை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

ஓரிகனின் கிரேட்டர் லேக் பூங்காவை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 7,700 ஆண்டுகளுக்கு முன் மசாமா என்ற எரிமலை வெடித்து, உச்சி உள்ளே சரிந்து உண்டான பள்ளத்தில் தேங்கிய ஏரி அது. எந்த ஆறும் அதில் வந்து கலப்பதில்லை. மழையும் உருகிய பனியும் மட்டுமே நிரப்பிய நீர் என்பதால் சேறும் வண்டலும் இல்லை. 594 மீட்டர் ஆழம் வேறு. அந்த நீலத்தை எந்தப் புகைப்படமும் சரியாகக் காட்டி நான் பார்த்ததில்லை. இதே பனிதான் பயணிக்குத் தடையும். ஆண்டுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் அங்கே பனி விழுகிறது. ஏரியைச் சுற்றும் 53 கிலோமீட்டர் விளிம்புச் சாலை முழுவதும் திறக்க வழக்கமாக ஜூலை ஆகிவிடும். வாஷிங்டனின் ரெய்னியர் மலையில் நிலைமை இன்னும் கடுமை. அங்கே பாரடைஸ் என்ற இடத்தில் 1971–72 பனிக்காலத்தில் மட்டும் 28 மீட்டருக்கு மேல் பனி விழுந்தது. புகழ்பெற்ற மலைப்புல்வெளிப் பூக்கள் ஜூலை கடைசியில்தான் விரியத் தொடங்கும்.

மே மாதம் தமிழ்நாட்டில் கத்திரி வெயில் என்பதால், அமெரிக்காவிலும் மே, ஜூன் கோடைதானே என்று பெற்றோரை அழைத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். மே மாதத்துக் கிரேட்டர் லேக்கில் விளிம்புச் சாலையின் பெரும்பகுதி பனிக்கு அடியில் கிடக்கும்.

பின்பக்கமும் ஓர் எல்லை இருக்கிறது. ஆகஸ்ட் வளர வளரக் காடுகள் காய்ந்து தீப்பிடிக்கின்றன. தீ நூறு கிலோமீட்டருக்கு அப்பால் எரிந்தாலும் புகை வந்து ஏரியை மறைத்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்களும் வயதானவர்களும் அந்தக் காற்றில் நிற்கவே கூடாது. ஆக, பனிக்கும் புகைக்கும் நடுவே நமக்குக் கிடைப்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. மலை நாட்களை இந்த இடைவெளிக்குள் வைத்துவிட்டால் திட்டத்தின் கடினமான பாதி முடிந்தது. கிளம்பிய பிறகும் அமெரிக்க அரசின் ஏர்நவ் தளத்தில் காற்றின் தரத்தைத் தினமும் பார்த்துக்கொள்ளுங்கள்; ஒரு பூங்காவில் புகை என்றால் இன்னொன்றுக்குத் திரும்பிவிடலாம்.

இனி கடற்கரை. ஜூலையில் போகிறோம் என்று பருத்திச் சட்டைகளை மட்டும் அடுக்கிக்கொண்டு போகாதீர்கள். கோடையில் வடக்கிலிருந்து வீசும் காற்று மேல்மட்டக் கடல்நீரைக் கரையிலிருந்து தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. அதன் மேல் வரும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிறது. அதே சமயம் உள்நாட்டுப் பள்ளத்தாக்கு வெயிலில் கொதித்து, காற்று மேலே எழும்பி, கடலோர மூடுபனியைத் தன் பக்கம் இழுக்கிறது. அதனால் உள்ளே வெயில் ஏற ஏறக் கரையில் குளிர் கூடும். உள்நாட்டு ஊரான மெட்ஃபோர்டில் 38 டிகிரி அடிக்கும் அதே பிற்பகலில் கடலோரக் கிரெசென்ட் சிட்டியில் 16 டிகிரியில் நடுங்கிக்கொண்டிருக்கலாம். பெரும்பாலான நாட்களில் மூடுபனி காலையில் கனத்து, நண்பகலுக்குப் பிறகு விலகும். எனவே காலையில் காட்டுக்குள் நடங்கள். கடல் பார்க்கும் முனைகளைப் பிற்பகலுக்கு வையுங்கள். அந்த மூடுபனியைக் குறை சொல்லவும் மனம் வராது. உலகின் மிக உயரமான மரங்களான ரெட்வுட் செம்மரங்கள் மழையில்லாத கோடையைத் தாண்டுவது பெருமளவு அதன் ஈரத்தைக் குடித்துத்தான்.

எந்தத் திசையில் ஓட்டுவது? அமெரிக்காவில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். தெற்கு நோக்கி வந்தால் கடல் உங்கள் வலது கைப்பக்கம். இறங்கிப் பார்க்கும் இடங்களுக்குச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. ஆனால் ஜென்னர் என்ற ஊருக்கு வடக்கே கடலோர ஒன்றாம் எண் சாலை பாறைச் சரிவை ஒட்டிக் கொண்டை ஊசி வளைவுகளாக ஏறி இறங்குகிறது. பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது. தெற்கே வரும்போது வலப்புற இருக்கையில் இருப்பவருக்கு ஜன்னலுக்குக் கீழே நேராகக் கடல்தான். பெரியவர்களோ குழந்தைகளோ உடன் இருந்தால், அல்லது அந்தச் சாலை உங்களுக்குப் புதிது என்றால், மலைப்பக்கத் தடத்தில் வடக்கு நோக்கிப் போவதையே நான் சொல்வேன். திரும்பும்போது உள்நாட்டில் ஓடும் ஐந்தாம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் விரைவில் வீடு வந்துவிடும்.

வரைபடத்தில் தூரத்தைப் பார்த்து நேரத்தைக் கணிக்காதீர்கள். கோல்டன் கேட் பாலத்திலிருந்து ஒன்றாம் எண் சாலை முடியும் லெகெட் வரை ஏறக்குறைய 330 கிலோமீட்டர். உள்வழியாக 101-ஆம் எண் சாலையில் போனால் மூன்று மணி நேரச் சொச்சம்; கடலோரமாகப் போனால் நிற்காமலே ஆறு மணி நேரம் ஆகும். அதை ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பது வீண். 1812-இல் ரஷ்யர்கள் கட்டிய ஃபோர்ட் ராஸ் கோட்டையில் இறங்கிப் பாருங்கள், மெண்டசீனோவிலோ ஃபோர்ட் பிராக்கிலோ இரவு தங்குங்கள். வாந்தி வரும் இயல்புள்ளவர்களை முன்னால் உட்கார வையுங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வளைவுகளில் ஏற வேண்டாம். பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது கலிஃபோர்னியச் சட்டம். பயப்படாமல் மெதுவாக ஓட்டுவதற்கு அதுவே நல்ல வழியும்கூட. கைப்பேசி சமிக்ஞை நீண்ட தூரம் இருக்காது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் செம்மரங்களுக்கு. லெகெட்டைத் தாண்டி 101-க்கு இணையாக ஓடும் 'அவென்யூ ஆஃப் தி ஜயண்ட்ஸ்' என்ற பழைய சாலையில் இறங்கிவிடுங்கள். ஐம்பது கிலோமீட்டர் முழுக்க மரங்களின் நிழல். அங்கிருந்து வடக்கே, 1968-இல் அமைந்த ரெட்வுட் தேசியப் பூங்கா. நுழைவுக் கட்டணம் இல்லை. சுவரெல்லாம் பெரணி தொங்கும் ஃபெர்ன் கேன்யனுக்குக் கோடையில் முன்அனுமதி வேண்டும் என்பதை மறக்காதீர்கள். 2006-இல் கண்டறியப்பட்ட ஹைபீரியன் உலகின் மிக உயரமான மரம், கிட்டத்தட்ட 116 மீட்டர். அதைத் தேடிப் போகாதீர்கள். பாதையில்லாத காட்டை மிதித்து மிதித்துச் செடிகளும் மண்ணும் பாழானதால் 2022 முதல் அந்த இடம் மூடப்பட்டிருக்கிறது. மீறினால் அபராதமும் சிறையும் உண்டு. அடியில் நின்று அண்ணாந்தால் எந்த மரத்தின் உச்சியும் தெரியப்போவதில்லை. பக்கத்தில் ஜெடிடையா ஸ்மித் காட்டின் ஹவ்லண்ட் ஹில் மண்சாலையில் ஒரு மணி நேரம் மெல்ல ஓட்டிப் பாருங்கள், போதும்.

ஓரிகன் எல்லையைத் தாண்டியதும் ஒரு மாற்றம் தெரியும். 1967-இல் வந்த ஒரு சட்டத்தால் அந்த மாநிலத்தின் கடற்கரை முழுவதிலும் நடமாடும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு. வேலி இல்லை, தனியார் பலகை இல்லை; நினைத்த இடத்தில் நிறுத்தி மணலில் நடக்கலாம். புரூக்கிங்ஸ் அருகே சாமுவேல் போர்ட்மன் பூங்காவின் பாறை வளைவுகளுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். பிறகு ரீட்ஸ்போர்ட்டில் கடலை விட்டு உள்ளே திரும்பி, ரோஸ்பர்க் வழியாக 138-ஆம் எண் சாலையில் அம்ப்குவா ஆற்றோடு ஏறினால் வழியெல்லாம் அருவிகள். சாலை நேராகக் கிரேட்டர் லேக்கின் வடக்கு வாயிலில் கொண்டுபோய் விடும்.

கடலைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. மெரினாவிலும் கன்னியாகுமரியிலும் கால் நனைத்துப் பழகிய நமக்கு இந்தக் கடல் வேறு. நீர் 10 முதல் 13 டிகிரிதான். விழுந்தால் சில நிமிடங்களில் கைகால் மரத்துப்போகும். அமைதியாக இருந்த கரையில் திடீரென ஓர் அலை மட்டும் பல மடங்கு தூரம் ஏறி வரும். கரையில் கிடக்கும் பெரிய மரக்கட்டைகளில் குழந்தைகளை ஏற்றிப் படம் எடுக்காதீர்கள். முழங்கால் நீர் போதும், டன் கணக்கில் எடையுள்ள கட்டை மிதந்து உருண்டு ஆளை நசுக்கிவிடும். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். பாறை இடுக்குகளில் நட்சத்திர மீன் பார்க்கப் போவதென்றால் ஓத நேர அட்டவணையைப் பார்த்து, நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது போங்கள்.

எத்தனை நாள் வேண்டும்? பத்து நாள் விடுமுறை என்றால் செம்மரங்கள், தெற்கு ஓரிகன் கரை, கிரேட்டர் லேக் மூன்றோடு நிறுத்திக்கொண்டு திரும்பிவிடுங்கள். வாஷிங்டனின் ரெய்னியரும் ஒலிம்பிக் பூங்காவும் சேர வேண்டுமானால் இரண்டு வாரத்துக்கும் சற்றுக் கூடுதலாக வேண்டும். ஒலிம்பிக்கைக் குறுக்கே கடக்கும் சாலையே கிடையாது. சுற்றித்தான் போக வேண்டும். மேற்கே ஆண்டுக்கு மூன்றரை மீட்டர் மழை பெய்யும் ஹோ மழைக்காடு, வடக்கே ஹரிக்கேன் ரிட்ஜ் மலைமுகடு, கடலோரம் ரூபி, ரியால்டோ கடற்கரைகள் என்று மூன்று தனி உலகங்கள் அவை. ஜூலை, ஆகஸ்டில் ஹோ வாயிலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும், காலை எட்டுக்குள் போய்விடுங்கள்.

ரெய்னியர், ஒலிம்பிக், கிரேட்டர் லேக் மூன்றுக்கும் வண்டிக்கு ஏறத்தாழ 30 டாலர் நுழைவுக் கட்டணம். மூன்றும் போகிறீர்கள் என்றால் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கான 80 டாலர் ஆண்டு அனுமதிச் சீட்டு லாபம். வெளிநாட்டவருக்கு அது 2026 முதல் 250 டாலர். ரெய்னியர் வாயிலில் ரொக்கம் வாங்குவதில்லை, அட்டை வேண்டும். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவது நல்ல யோசனைதான், சைவ உணவு கிடைக்காத ஊர்கள் வழியில் பல உண்டு. ஆனால் முகாமில் சாப்பாட்டுக் கூடையைக் கூடாரத்துக்குள்ளோ மேசை மேலோ விட்டுவைக்கக் கூடாது. கரடிக்காக வைத்திருக்கும் இரும்புப் பெட்டியில் பூட்ட வேண்டும். பற்பசையும் சோப்பும்கூட அதற்குள்தான்.

தங்குமிடம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது மட்டும் நடக்காது. பூங்காக்களுக்குள் உள்ள பழைய விடுதிகள், கிரேட்டர் லேக் லாட்ஜ், ரெய்னியரின் பாரடைஸ் இன் போன்றவை, ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே நிரம்பத் தொடங்கும். கூடாரமிடும் இடங்களில் பல, ஆறு மாதத்துக்கு முன் முன்பதிவுக்குத் திறக்கின்றன. ஒலிம்பிக் பூங்காவின் கலேலாக் முகாமில், கடலைப் பார்த்த இடத்தில், ஜூலை 28 இரவு தங்க வேண்டுமென்றால் ஜனவரி 28 காலை பசிபிக் நேரம் ஏழு மணிக்கு ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் கணக்கைத் திறந்து, இட எண்ணைத் தேர்ந்தெடுத்துத் தயாராக உட்கார்ந்திருங்கள். கிடைக்கவில்லையென்றால் விட்டுவிடாதீர்கள், புறப்படும் வாரம் வரை தினமும் பாருங்கள், ரத்தாகும் இடங்கள் திரும்பி வந்துகொண்டே இருக்கும்.