கைக்கேற்ற கிதார்

ஸ்பெயின் தேசத்து அல்மேரியாவுக்கு அருகே பிறந்து, தச்சுத்தொழில் பயின்று, பின்னர் கிதார் செய்வதில் ஈடிணையற்றவராக விளங்கிய அந்தோனியோ தெ தோரெஸ், 1862-ஆம் ஆண்டில் ஒரு விசித்திரமான வாத்தியத்தைச் செய்தார்: அதன் முதுகும் பக்கங்களும் வெறும் காகித அட்டை, மேற்பலகை மட்டுமே மரம். தந்தியின் அதிர்வைக் குதிரை வழியாக ஏற்று நாதமாக விரிப்பது பிரதானமாக அந்தப் பலகையே என்பதற்கு இதைவிட நல்ல நிரூபணம் வேண்டியதில்லை. கிதார் வாங்கப் புறப்படுகிறவர்களோ, மெருகிலும் சிப்பி வேலைப்பாட்டிலும் மயங்கி, மேற்பலகை முழு மரத்தில் அறுத்ததா, ஒட்டுப்பலகையா என்று விசாரிப்பதே இல்லை. ஒலித்துவாரத்தின் விளிம்பை உற்று நோக்கினால் போதும். மேலே ஓடும் மர ரேகைகள் விளிம்பின் கனத்திலும் தொடர்ந்து இறங்கினால் அது முழுப்பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டு.

அடுத்து, வாங்குகிறவர் தம் வலக்கையின் சுபாவத்தை அறிந்திருக்க வேண்டும். பாட்டுக்குப் பக்கவாத்தியமாக ஆறு தந்திகளையும் பிளெக்ட்ரத்தால் ஒருசேர வீசி வாசிப்பவருக்கு, 1916-இல் பாஸ்டன் நகரத்து டிட்சன் நிறுவனத்துக்காக மார்ட்டின் கம்பெனியார் செய்து, பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரால் 'டிரெட்நாட்' என்று வழங்கலான அகன்ற இடையுடைய கிதார் மிகப் பொருத்தம்; அதன் மந்தர ஸ்தாயி கம்பீரமானது; அதன் ஸ்ப்ரூஸ் பலகை ஓங்கிய வீச்சையும் தாங்கும். விரல் நுனியால் ஒவ்வொரு தந்தியாக மீட்டுகிறவர் அதே வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டால், மேல் ஸ்தாயி மந்தரத்தில் அமிழ்ந்துபோவதையே காண்பார். அவருக்குச் சிற்றுடல் கிதாரும், மெல்லிய ஸ்பரிசத்துக்கே இசைந்து கொடுக்கும் செடார் பலகையும் உகந்தவை. பெரியதே உயர்ந்தது என்னும் எண்ணம், என் அபிப்பிராயத்தில், பலருடைய பணத்தை விரயமாக்கியிருக்கிறது.

நைலான் தந்திக்கென்று இலேசாகச் செய்த வாத்தியத்தில் இரும்புத் தந்தி பூட்டுவது மகா அநர்த்தம். நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ பாரத்துக்கு இழுக்க, இரும்புத் தந்திகளோ சாதாரணமாக 70 கிலோவுக்கு மேல் இழுத்துக் குதிரையையே பெயர்த்துவிடும்.

முதுகு மரம், தோரெஸின் அட்டை காட்டியதுபோல, இரண்டாம்பட்சமே. ஆயினும் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் அரிதாகிவிட, 1969-இல் மார்ட்டின் கம்பெனியார் நாடியது நம் மலைக்காடுகளில் வளரும் ஈட்டி மரத்தை என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

விலை பேசுமுன் 12-ஆவது மெட்டின்மேல் தந்தி நிற்கும் உயரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரும்புத் தந்திக் கிதாரில் அது மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினால் இடக்கை விரல்கள் நோகும். குதிரையின்மேல் பதித்த எலும்பைச் சீவித் தணிக்க இடமிருந்தால் வாங்கலாம். எலும்பு ஏற்கெனவே தாழ்ந்திருந்தும் தந்தி உயர்ந்தே நின்றால், கழுத்தின் சாய்வு கெட்டிருக்கிறது. வேறு கடையைப் பார்ப்பதே உசிதம்.