பழைய வண்டிக்கு யார் விலை சொல்வது?

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு காலை, பயிர்க்கடனைப் புதுப்பிக்க வந்திருந்த வாடிக்கையாளர் ஒருவர், கையெழுத்திட்டு முடித்த பின்னும் நாற்காலியை விட்டு எழாமல் அமர்ந்திருந்தார். கோபிநத்தத்துக்காரர், அறுபதைக் கடந்தவர். "சார், இன்னொரு விஷயம். என் எஸ்டிக்கு இன்சூரன்ஸ் கிடைக்கவே கிடைக்காதுன்னு சொல்றாங்க. நெசமா?" என்று கேட்டார்.

கோபிநத்தம் காவிரிக் காட்டுக்குள் அமைந்த தமிழ் பேசும் ஊர். 1997 வரை மைசூர் மாவட்டத்திலும், அதன்பின் சாமராஜநகர் மாவட்டத்திலும் இருந்து வருகிறது. ஊரின் பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் வேறொரு பழைய கதை நினைவுக்கு வரும். அங்கு வாழ்வோருக்கு அது அலுத்துப்போன கதை, நாமும் விட்டுவிடுவோம்.

அவருடைய வண்டி 1984-இல் மைசூரில் வாங்கிய எஸ்டி ரோட்கிங். ஐடியல் ஜாவா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் மைசூரில் ஜாவா வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கியது; பின்னர் எஸ்டி என்ற பெயரில் வெளியிட்டது; 1996-இல் உற்பத்தி நின்றது. அக்காலத்து இளைஞர்களுக்கு ரோட்கிங்தான் எட்டக்கூடிய பந்தய வண்டி. இரட்டைப் புகைக்குழாய்; 250 சிசி பிரிவைச் சேர்ந்த இரு வீச்சு எஞ்சின்; உதைத்துக் கிளப்பும் நெம்புகோலே கியர் மாற்றும் நெம்புகோலாகவும் மாறும் அமைப்பு. சோழவரம் பந்தயத் திடலில் எஸ்டிகள் ஓடியதைக் கண்டவர்கள் இன்றும் அந்த ஒலியைப் பற்றிப் பேசுவதுண்டு.

கடைத்தெரு முகவர் ஒருவர் "இவ்வளவு பழைய வண்டிக்கு எந்தக் கம்பெனியும் போடாது" என்று கூறிவிட்டதால், ஐந்து ஆண்டுகளாகக் காப்பீடு இன்றியே ஓட்டி வந்திருக்கிறார். முந்தைய வாரம் ஒரு வளைவில் மிதிவண்டிச் சிறுவன் ஒருவன் குறுக்கே வந்துவிட்டான். மயிரிழையில் தப்பினார்கள். அன்றிலிருந்து அவருக்கு உறக்கம் இல்லை.

அவருடைய அச்சம் நியாயமானதே. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 146-ஆம் பிரிவின்படி, மூன்றாம் நபர் காப்பீடு இன்றிப் பொது இடத்தில் வண்டி ஓட்டலாகாது. அபராதம் முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. உண்மையில் அபராதம் சிறிய செய்தி. விபத்தில் ஒருவர் இறந்தாலோ உறுப்பிழந்தாலோ தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இல்லை. பாலிசி இருந்தால் காப்பீட்டு நிறுவனம் செலுத்தும். இல்லையெனில் வண்டியின் உரிமையாளரே செலுத்த வேண்டும். அவருடைய சொத்தைப் பற்றியும் வசூலிக்கலாம். எதிரில் அமர்ந்திருந்தவருடைய நிலப் பத்திரம் எங்கள் பெட்டகத்தில் இருந்தது. மூன்று ஏக்கர்.

மூன்றாம் நபர் காப்பீட்டின் பிரிமியம் வண்டியின் வயதைப் பொறுத்ததன்று. எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்தது. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, 150-க்கு மேல் 350 சிசி வரையுள்ள இரு சக்கர வண்டிக்கு ஆண்டுக்கு 1,366 ரூபாய். 18 விழுக்காடு வரி சேர்ந்தால் ஏறத்தாழ 1,612 ரூபாய். கார்களுக்கு 1,000 சிசி வரை 2,094 ரூபாய். 1,500 சிசி வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். வண்டி பழையது என்பது மட்டுமே இதனை மறுப்பதற்குரிய காரணம் ஆகாது. முகவருக்கு இதில் கிடைக்கும் கழிவு மிகச் சொற்பம் என்பதைக் கருதினால், "கிடைக்காது" என்ற விடையின் பிறப்பிடம் ஓரளவு விளங்கும்.

ஆனால் ஆவணங்கள் சரியாக இருத்தல் வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டியின் பதிவுச் சான்றை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நம் நண்பருடையது காலாவதியாகியிருந்தது. புகைச் சான்றும் தேவை. இரு வீச்சு எஞ்சின் புகை விடாமல் இருக்குமா என்று அவர் கவலைப்பட்டார். அந்த வண்டி உருவான காலத்துக்குரிய அளவின்படியே சோதிப்பார்கள் என்றேன். கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, எண்ணெய்க் கலவையைச் சீராக்கிய பின் சான்று கிடைத்துவிட்டது.

இனி, சொந்தச் சேதத்துக்கான காப்பீடு. வழி தவறுவோர் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். நானும் அவர்களுள் ஒருவன்.

என் தந்தையாரிடம் இரு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று இருந்தது. 1960-களில் சென்னையில் தயாரானது. விளையாட்டுக் கார் என்று சொல்ல இயலாது. ஆயினும் அம்பாசிடர்களுக்கு நடுவில் அது துள்ளித்தான் ஓடும். ஆண்டுதோறும் பாலிசியைப் புதுப்பிக்கும் பொறுப்பு என்னுடையது. ஒரு மழைக்காலத்தில் புளியமரக் கிளை முறிந்து காரின் மேல் விழுந்தது. பழுது நீக்க எண்பதாயிரம் ஆகும் என்றார் மெக்கானிக். பாலிசியை எடுத்துப் பார்த்தேன். காப்பீட்டு மதிப்பு என்ற கட்டத்தில் 15,000 ரூபாய் என்று இருந்தது. பழுதுச் செலவு அம்மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டி முழு நட்டமாகக் கருதப்படும். ஆகவே 15,000 ரூபாய், அதிலும் உடைந்த வண்டியின் மதிப்பைக் கழித்துக்கொண்டு. நிறுவனத்தின் மேல் பிழையில்லை. படிக்காமல் கையெழுத்திட வேண்டாம் என்று நாள்தோறும் பிறருக்குச் சொல்லும் நான், அந்தக் கட்டத்தை ஆறு ஆண்டுகளாகப் படித்ததில்லை. தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் கடினமாக இருந்தது.

அந்தக் கட்டம் நிரப்பப்படும் முறையை வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. வண்டிக்கு ஐந்து வயது வரை தேய்மான அட்டவணை உண்டு. ஆறு மாதத்துக்குள் 5 விழுக்காட்டில் தொடங்கி, ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காட்டை எட்டும். ஐந்து ஆண்டு கடந்த வண்டிக்கும், உற்பத்தி நின்றுபோன மாடலுக்கும் அந்த அட்டவணை பொருந்தாது. நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகையே மதிப்பாகும். பேச வேண்டிய இடத்தில் நாம் பேசாதிருந்தால், கணினி ஒரு தொகையை அச்சிடும். எனவே வண்டியின் நிழற்படங்கள், பழுது பார்த்த ரசீதுகள், அதே மாடல் அண்மையில் விலைபோனதற்கான சான்று ஆகியவற்றைத் திரட்டி, இயன்றால் உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையுடன், காப்பீட்டு நிறுவனத்தின் கிளைக்கு நேரில் செல்வதே உத்தமம். இணையத்தில் இதற்கு இடம் இருப்பதில்லை. பொதுத்துறை நிறுவனங்களின் கிளைகளில் பொறுமையாகக் கேட்கிறார்கள் என்பது என் அனுபவம்.

மதிப்பை உயர்த்திக்கொண்டாலும், பகுதிச் சேதத்தில் முழுத்தொகை கிடைக்கும் என்று எண்ணிவிடலாகாது. பத்து ஆண்டு கடந்த வண்டியின் உலோக உதிரிகளுக்குப் பாதி கழிக்கப்படும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் பாதி. கண்ணாடி இழைப் பாகங்களுக்கு 30 விழுக்காடு. 1990-களின் இறுதியில் நம் நாட்டில் வெளிவந்த சான் ஸ்டார்ம் என்ற இரு இருக்கை விளையாட்டுக் காரின் உடல் முழுதும் கண்ணாடி இழை. அதை வைத்திருப்போர் இக்கணக்கை முன்கூட்டியே போட்டுப் பார்ப்பது நலம்.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்தால், எப்போதாவது வெளியே எடுக்கும் பழைய வண்டிக்கு முழுமையான பாலிசி பல வேளைகளில் வீண் செலவே என்பேன். நடுவில் ஒரு வழி உண்டு, பலர் அறியாதது. மூன்றாம் நபர் காப்பீட்டுடன் தீ, திருட்டு இரண்டை மட்டும் சேர்த்துக்கொள்ளும் பாலிசி அது. உதிரி கிடைக்காத வண்டியின் சிறு கீறலை நாமே பார்த்துக்கொள்ளலாம். வண்டியே காணாமற்போவதைத்தான் தாங்க இயலாது. நிறுவனம் வண்டியை நேரில் பார்த்த பிறகே இதற்கு இசையும்.

"ஐம்பது வருசம் ஆனா விண்டேஜ்னு சலுகை உண்டாமே?" என்றும் அவர் கேட்டார். உண்டு. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை விண்டேஜ் எனப் பதியலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அவ்வாறு பதிந்த காருக்கு மூன்றாம் நபர் பிரிமியத்தில் பாதி தள்ளுபடி. ஆனால் கண்காட்சி, அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கன்றி அன்றாடம் ஓட்டலாகாது. வாகன மாளிகை வைத்திருப்போருக்கு ஏற்றது. சந்தைக்குத் தீவன மூட்டை ஏற்றிச் செல்பவருக்கு ஏற்றதன்று. அவருடைய வண்டிக்கு ஐம்பது நிறைய 2034 வரை காத்திருக்கவும் வேண்டும். கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

எங்கள் வங்கியும் காப்பீட்டு முகவராகச் செயல்படுவதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: எங்களிடம்தான் பாலிசி எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை, கடனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அவரையும் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கிளைக்கே அனுப்பினேன். பதிவைப் புதுப்பித்து முடிக்க ஆறு வாரம் பிடித்தது. அதுவரை வண்டி கொட்டகையில் நின்றது. அவர் பேருந்தில் வந்தார்.

புரட்டாசியில் மீண்டும் வந்தபோது பாலிசியை மேசைமேல் விரித்தார். மூன்றாம் நபர், தீ, திருட்டு. உரிமையாளருக்கான 15 இலட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு. வண்டியின் மதிப்பு 60,000 ரூபாய். அந்தக் கட்டத்தில் விரலை வைத்து, "இதை நானே பேசி வாங்கினேன் சார்" என்றார். வெளியே ரோட்கிங் நின்றிருந்தது. மூன்றாவது உதையில் கிளம்பியது.