விரல் மூட்டின் குருத்தெலும்பு: எந்தப் படத்தில் எது தெரியும்?

விரல் கணுவில் இரு எலும்புகள் நேரடியாக உரசாமல் காப்பது, அவற்றின் முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு. முழங்காலில் அது 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும். விரல் மூட்டில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். சிறு மூட்டுகளைப் படம் பிடிப்பதன் சிக்கல் முழுக்க இந்த அரை மில்லிமீட்டரில் அடங்கியிருக்கிறது.

குருத்தெலும்பில் பெரும்பகுதி நீர். மீதத்தில் முக்கியமானது கொலாஜன் இழை. எலும்பில் இருப்பதுபோல் சுண்ணாம்புச் சத்து இல்லாததால் எக்ஸ்ரே கதிருக்கு அது சதையைப் போன்றதே. கொலாஜனின் முப்புரி வடிவத்தை 1954-55இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் வகுத்தது எக்ஸ்ரே சிதறலை வைத்துத்தான். அதே எக்ஸ்ரே, கையைப் படம் எடுக்கும்போது அந்தக் கொலாஜனால் ஆன குருத்தெலும்பைக் காட்ட மறுக்கிறது.

ஆகவே எக்ஸ்ரேயில் மருத்துவர் பார்ப்பது எலும்புகளுக்கு நடுவே கறுப்பாகத் தெரியும் இடைவெளியை. இரு பக்கக் குருத்தெலும்பும் அதற்குள் இருப்பதால், இடைவெளி சுருங்கினால் குருத்தெலும்பு, பேச்சு வழக்கில் 'ஜவ்வு', தேய்ந்துவிட்டது என்று ஊகிக்கப்படுகிறது. விரல் சற்றே மடங்கியிருந்தாலும் இடைவெளி குறுகியதுபோல் தோன்றிவிடும். படம் சுத்தமாக இருப்பதும் மூட்டு நலமாக இருப்பதும் ஒன்றல்ல. குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. வலி பிறப்பது சுற்றியுள்ள சவ்விலும் எலும்பிலும்.

இதற்குச் சிக்குன்குனியா நல்ல சான்று. 1964இல் சென்னையிலும் வேலூரிலும் பரவிய அந்தக் காய்ச்சல், 2006இல் தமிழகத்துக்குத் திரும்பி வந்தது. காய்ச்சல் தணிந்த பிறகும் பலருக்கு மணிக்கட்டும் விரல்களும் மாதக்கணக்கில் வீங்கின. அத்தகையோரின் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் குறை எதுவும் தெரியாது. கோளாறு மூட்டுச் சவ்விலும் தசைநாண் உறையிலும் இருக்கும். முடக்குவாதம் எனும் சரவாங்கியில் கதை வேறு. வீங்கிய சவ்வு குருத்தெலும்பையும் எலும்பின் ஓரத்தையும் அரித்துவிடும். அதனால்தான் அந்த நோய்க்கான மதிப்பெண் முறைகளில் எலும்பு அரிப்பும் இடைவெளிக் குறைவும் தனித்தனியாகக் கணக்கிடப்படுகின்றன.

சவ்வைப் பார்க்க மலிவான வழி அல்ட்ராசவுண்ட். அதிக அதிர்வெண் கொண்ட சிறிய புரோபை மடக்கிய விரலின் முட்டிமேல் வைத்தால், எலும்பின் வெள்ளைக் கோட்டுக்கு மேலே மெல்லிய கறுப்புப் பட்டையாகக் குருத்தெலும்பு தெரியும். யூரிக் அமிலப் படிகங்கள் அந்தப் பட்டையின் மேற்பரப்பில் படிந்து இரண்டாவது வெள்ளைக் கோடு போட்டால் அது கவுட். கதிர்வீச்சு இல்லை, சவ்வில் ரத்த ஓட்டம் கூடியிருப்பதையும் இதன் டாப்ளர் முறை காட்டிவிடும். ஆனால் ஒலி எட்டாத மூட்டின் உட்பகுதியும் மணிக்கட்டின் உள்ளிடுக்குகளும் இதில் தெரியா. பார்ப்பவரின் கைத்திறனும் முக்கியம்.

எம்.ஆர்.ஐ. எல்லாவற்றையும் காட்டும் என்பது பரவலான நம்பிக்கை. விரல் விஷயத்தில் அது பாதி உண்மைதான். வழக்கமான கை ஸ்கேனில் ஒரு படப்புள்ளியே குருத்தெலும்பின் தடிமனை நெருங்கிவிடுவதால் சிறு தேய்வு கலங்கிப் போகும். 3 டெஸ்லா வலிமையுள்ள காந்தமும் கைக்கென்று செய்த கம்பிச்சுருளும் (coil) இருந்தால் நிலைமை மேம்படும். எலும்புக்குள் ஏற்படும் நீர்க்கோப்பைக் காட்டுவதில் அதற்கு நிகரில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைப் போன்ற தொழிற்பேட்டையில் இரும்பு சாணை பிடிப்பவர்கள் ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும்: கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் தெறித்திருந்தால் காந்தம் அதை நகர்த்திப் பார்வையைக் கெடுக்கக்கூடும். அதனால் முதலில் கண்குழியை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

செய்யும் தொழிலும் படத்தில் பதியும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு கம்பளி ஆலையில் நீண்டகாலம் ஒரே வேலை பார்த்தவர்களின் கைகளை ஆராய்ந்து 1978இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு வேலைக்கும் ஏற்ப வெவ்வேறு விரல் மூட்டுகள் மாறியிருந்தன. திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுபவரானாலும் மில் தொழிலாளியானாலும், எந்தக் கையால் என்ன வேலை என்பதை ஸ்கேன் சீட்டில் குறிப்பது படம் படிப்பவருக்கு உதவும்.

பரிசோதனைக்கு எங்கே போவது? திருவள்ளூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மூட்டு வாதத்துக்கெனத் தனித் துறை, சென்னை சென்ட்ரலுக்கு எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இருக்கிறது. திருவாலங்காட்டிலிருந்து அரக்கோணம் தடத்து மின்ரயிலிலேயே போய்வரலாம். முதுமையில் விரல் நுனிக் கணுவில் வரும் கெட்டியான முண்டுக்கு ஸ்கேன் பெரும்பாலும் வேண்டியதில்லை. கையைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம். வீக்கமும் காலை நேர விறைப்பும் வாரக்கணக்கில் நீடித்தால் ரத்தப் பரிசோதனையுடன் கை, பாத எக்ஸ்ரே எடுப்பார்கள். ஐயம் தீராவிட்டால் அல்ட்ராசவுண்டும் அதன்பின் எம்.ஆர்.ஐ.யும். பழைய படங்களைப் பத்திரப்படுத்துவது நல்லது. தேய்வின் வேகம் இரு படங்களை ஒப்பிட்டால்தான் தெரியும்.