நெல்லையில் ஊழியம் செய்த தாத்தா... நோபல் வாங்கிய பேரன்!

'சித்தார்த்தா' நாவலை எழுதிய ஜெர்மன் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேவின் குடும்பக் கதை நம்ம நெல்லைச் சீமையையும் தொட்டுச் செல்கிறது, தெரியுமா?

ஹெஸ்ஸேவின் அம்மாவழித் தாத்தா ஹெர்மன் குண்டர்ட், ஸ்டுட்கார்ட்காரர். 1836-ல், 22 வயதில் சென்னைக்குக் கப்பலேறி வந்தவர், கொஞ்ச காலம் நெல்லையில் இன்னொரு ஜெர்மானியரான ரேனியஸுடன் சேர்ந்து ஊழியம் செய்தார். தமிழும் கற்றார். நம்ம தேவதானம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் அப்போது திருநெல்வேலி மாவட்டம்தான்!

பிறகு தலசேரியில் குடியேறினார். 1872-ல் வெளியான அவரது மலையாள அகராதிக்காக கேரளா இன்றும் அவரைக் கொண்டாடுகிறது. நெல்லையில் இருந்ததைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

1842-ல் தலசேரியில் பிறந்த மகள் மேரியைச் சிறுவயதிலேயே படிப்புக்காக ஐரோப்பாவில் விட்டுவிட்டார்கள். அப்பா, அம்மா இருந்த இந்தியாவுக்கு அவர் திரும்பியது 15 வயதில்! அந்த மேரியின் மகன்தான் ஹெஸ்ஸே. 1877-ல் ஜெர்மனியில் பிறந்தார். 1946-ல் நோபல் பரிசு பெற்றார்.

தாத்தாவும் அம்மாவும் வாழ்ந்த தேசத்தைத் தேடி 1911-ல் ஹெஸ்ஸேவும் கப்பலேறினார். சிங்கப்பூர், சுமத்ரா, இலங்கை எல்லாம் பார்த்தார். வெயிலும் வயிற்றுக்கடுப்பும் வாட்டியெடுக்க, இலங்கையோடு பயணம் முடிந்தது. அம்மா பிறந்த தலசேரியைப் பார்க்காமலேயே ஊர் திரும்பினார்.

'சித்தார்த்தா' வெளியானது 1922-ல்.