கணக்கு வாத்தியார் பெயரில் ஒரு நகர்

குவார்ட்டர்ஸ் போய்க் கண்ணாடிக் கோபுரங்கள் வந்துவிட்டன. தாதாபாய் நௌரோஜி எழுப்பிய கேள்வி மட்டும் இன்னும் பழசாகவில்லை.

தில்லி ரிங் ரோட்டில், பிகாஜி காமா பிளேஸுக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கோபுரங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. உலக வர்த்தக மையம் என்று பெயர். சுமார் 34 லட்சம் சதுர அடி வணிக இடம். 2025 ஜனவரி 3 அன்று பிரதமர் மோடி திறந்துவைத்தார். முன்பு இங்கே இருந்தவை மத்திய அரசு ஊழியர்களின் வீடுகள். 600க்கும் மேற்பட்ட பழைய குவார்ட்டர்ஸ் இடிக்கப்பட்டன. மாறாமல் நிற்பது பேட்டையின் பெயர்தான்: நௌரோஜி நகர்.

அரசு ஊழியர் குடியிருப்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது. இந்திய நிர்வாகத்தை இந்தியர்களே நடத்த வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடியவர் தாதாபாய் நௌரோஜி. அந்த வாதத்துக்கு அவர் உணர்ச்சியைவிடக் கணக்கையே அதிகம் நம்பினார்.

1825 செப்டம்பர் 4 அன்று எளிய பார்சி குடும்பத்தில் பிறந்த நௌரோஜி, பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். இந்தியர் ஒருவர் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. 1855இல் வியாபார நிமித்தம் லண்டன் போனார். வியாபாரி வேடம் நிலைக்கவில்லை. வாத்தியார் புத்தி போகவில்லை.

பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியா செழிக்கிறது என்பது அதிகாரிகளின் வழக்கமான பல்லவி. நௌரோஜி அவர்களுடைய அறிக்கைகளையே கையில் எடுத்தார். மாகாணவாரியாக விளைச்சலையும் விலையையும் கூட்டி, மக்கள்தொகையால் வகுத்தார். இந்தியர் ஒருவரின் சராசரி ஆண்டு வருமானம் 20 ரூபாய் என்று விடை வந்தது. சிறைக் கைதி ஒருவரின் சோற்றுக்கும் துணிக்கும் அரசு செலவழித்த தொகையைப் பக்கத்தில் வைத்தார். அது 20 ரூபாயைத் தாண்டியது. அதாவது, குற்றம் செய்து உள்ளே போனவனுக்குக் கிடைத்ததுகூட வெளியே உழைத்தவனுக்குக் கிடைக்கவில்லை.

மிச்சப் பணம் எங்கே போயிற்று? நௌரோஜியின் புகழ்பெற்ற 'செல்வச் சுரண்டல்' கோட்பாடு இங்கேதான் தொடங்குகிறது. உயர் பதவிகள் அனைத்திலும் ஆங்கிலேயர்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்தது கப்பலேறியது. ஓய்வூதியமும் அங்கேயே போனது. முப்பது வருட நிர்வாக அனுபவமும் அவர்களோடு சேர்ந்து கரையேறிவிட்டது. வறுமைக்குக் காரணம் மழை பொய்ப்பது மட்டுமல்ல என்றார் அவர்.

ஆகவே பதவிக் கோரிக்கை அவருக்கு வெறும் வேலைவாய்ப்புப் பிரச்சினை அல்ல. ஐ.சி.எஸ். தேர்வு லண்டனில் மட்டுமே நடந்தது. கடல் கடக்கப் பணம் வேண்டும். சாதிக் கட்டுப்பாட்டை மீறும் துணிவும் வேண்டும். தேர்வை இந்தியாவிலும் ஏககாலத்தில் நடத்து என்று 1885இல் காங்கிரஸின் முதல் மாநாட்டில் தீர்மானம் கொண்டுவந்தவர் நௌரோஜி. அதே மாநாட்டின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் சென்னையின் ஜி. சுப்பிரமணிய ஐயர்.

கோரிக்கையை அவர் எதிராளியின் வீட்டுக்கே கொண்டுபோனார். 1886 தேர்தலில் தோல்வி. 1888இல் பிரிட்டிஷ் பிரதமர் சாலிஸ்பரி, ஒரு 'கறுப்பு மனிதரை' ஆங்கிலத் தொகுதி ஏற்குமா என்று ஏளனமாகக் கேட்டார். நான்கு வருடம் கழித்து லண்டனின் சென்ட்ரல் பின்ஸ்பரி தொகுதி பதில் சொன்னது. விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்குகள்தான் வித்தியாசம். ஆனாலும் நௌரோஜி காமன்ஸ் சபைக்குள் நுழைந்துவிட்டார்.

மறு வருடமே, 1893இல், ஏககாலத் தேர்வுத் தீர்மானம் சபையில் நிறைவேறியது. அரசு மாகாணங்களின் கருத்தைக் கேட்டது. ஆதரித்தது சென்னை மாகாண அரசு மட்டுமே. தீர்மானம் கிடப்பில் போடப்பட்டது.

பிரிட்டிஷாரின் நியாய உணர்வில் நௌரோஜி வைத்திருந்த நம்பிக்கை அளவுகடந்தது என்று இளைய தலைமுறை குறைப்பட்டுக்கொண்டது. குறையில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் 1906இல், 81 வயதில், கல்கத்தா காங்கிரஸ் தலைவராக 'சுயராஜ்யம்' என்ற சொல்லை மேடையில் உச்சரித்தவரும் அவர்தான். கணக்குச் சரிவரவில்லை என்றால் வழிமுறையை மாற்றத் தயங்காத வாத்தியார்.

1917 ஜூன் 30 அன்று அவர் மறைந்தார். ஐ.சி.எஸ். தேர்வு இந்திய மண்ணில், அலகாபாத்தில், முதலில் நடந்தது 1922இல். ஐந்து வருடத் தாமதத்தில் அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அவர் கேட்டது உயர் பதவிக்கான தேர்வைத்தான், குமாஸ்தா வேலையை அல்ல. ஆனால் தகுதி இருப்பவன் சொந்த ஊரிலேயே தேர்வெழுதி அரசுப் பணிக்கு வரலாம் என்ற கொள்கை, சுதந்திரத்துக்குப் பிறகு எல்லாப் படிகளுக்கும் இறங்கி வந்தது. மதுரையிலும் தஞ்சாவூரிலும் தேர்வெழுதி, டிரங்குப் பெட்டியோடு ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறிய தலைமுறை தெற்கு தில்லியின் இந்தக் குவார்ட்டர்ஸ்களில்தான் குடித்தனம் போட்டது. பக்கத்து லட்சுமிபாய் நகரில் தமிழ்ப் பள்ளிக்கூடமே இருக்கிறது.

இன்று நௌரோஜி நகர் விற்பனைக்கான இடம். இங்கே விற்றுக் கிடைக்கும் பணத்தில் சரோஜினி நகர் போன்ற பகுதிகளில் ஊழியர்களுக்குப் புதிய அடுக்குமாடிகள் எழுப்புவது அரசின் திட்டம். வரவு எவ்வளவு, எத்தனை வீடு, யாருக்கு என்று யாராவது பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்து கணக்குக் கேட்டால், பெயருக்குச் சொந்தக்காரர் நிச்சயம் கோபித்துக்கொள்ள மாட்டார்.